ஆலயக் கோபுரத்துக்கு சிமெண்ட் பூசலாமா? கேள்வி பதில்

சென்னையின் பழைய கிறிஸ்தவ ஆலயங்களில் சுண்ணாம்புப் பூச்சு வேலையை மேற்பார்வை செய்வது என் தொழில். கோபுரப் பழுதுபார்ப்பு பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ராயபுரம், சபைக் கமிட்டி உறுப்பினர்: பத்து வருஷம் முன்னால் கோபுரத்துக்கு நல்ல கம்பெனி சிமெண்ட் வாங்கிப் பூசினோம். இப்போது பாளம் பாளமாக விழுகிறது. ஏன் சார்?

சிமெண்டில் குறை இல்லை ஐயா, அதைப் பூசிய இடம்தான் தப்பு. பழைய செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் மழையில் தண்ணீரைக் குடிக்கும், வெயிலில் அதை வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்டைப் பூசி மூடிவிட்டால், விரிசல் வழியாக உள்ளே போன ஈரம் அங்கேயே தங்கிவிடும். கடற்காற்றின் உப்பும் அதோடு சேர்ந்து, பூச்சுக்குப் பின்னால் படிந்து, செங்கல்லை அரிக்கும்.

வடசென்னையில் ஒரு கோபுரத்தில் சவுக்குச் சாரம் கட்டி ஏறி, மரச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் பொள்ளல் சத்தம் கேட்டது. கரணை நுனியால் நெம்பியதும் முறம் அகலத்துக்கு ஒரே துண்டாகக் கையில் வந்தது. அந்தத் துண்டில் ஒரு கீறல்கூட இல்லை. பின்னால் இருந்த செங்கல்லை விரலால் தேய்த்தேன், மிளகாய்த்தூள் போல உதிர்ந்தது. அன்று சாரத்தை விட்டு இறங்கவே மனசு வரவில்லை. தயவுசெய்து திரும்பவும் சிமெண்ட் பூசாதீர்கள்.

கொளத்தூர், கட்டடக்கலை மாணவி: சுண்ணாம்பில் முட்டை கலப்பார்களாமே, உண்மையா?

உண்மைதான்மா. எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்குக்கு ஒருமுறை போய் உள்ளே இருக்கும் தூண்களைத் தொட்டுப் பாருங்கள். ராணுவப் பொறியாளர் டி ஹாவிலாண்ட் கட்டி 1821-இல் திறந்த ஆலயம். சில்லென்று பளிங்கு மாதிரி இருக்கும், ஆனால் அது சுண்ணாம்புப் பூச்சு. கிளிஞ்சல் சுண்ணாம்பை வெண்ணெய் பதத்துக்கு அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி, மாக்கல் தூள் தூவித் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவரும் மெருகு அது. வெயில் மழையில் நிற்கும் கோபுரத்துக்கு இவ்வளவு தேவையில்லை. சுண்ணாம்பும் மணலும், அதோடு கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரும் போதும். அதே ஆலயத்தின் அஸ்திவாரம் கிணறுகள் இறக்கி அதன்மேல் எழுப்பியது. அதையும் படித்துப் பாருங்கள்.

மயிலாப்பூர்: கோபுர விளிம்பில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. பிடுங்கிவிடலாமா?

பிடுங்காதீர்கள், வேரோடு செங்கல்லும் வரும். அடியில் வெட்டி, வெட்டிய வாய் காயும் முன்னே களைக்கொல்லி தடவுங்கள். வேர் முழுக்கச் செத்த பிறகு எடுத்துவிட்டு, அந்தப் பொந்தில் சுண்ணாம்புக் கரைசலை விடுங்கள். காக்கை எச்சத்தில் விதை மறுபடியும் வரும், அதனால் வருஷம் ஒருமுறை மேலே ஏறிப் பார்ப்பது நல்லது.

பெரம்பூர்: உச்சியில் சிலுவை நிற்கும் இரும்புக் கம்பியைச் சுற்றி விரிசல்.

துருப்பிடித்த இரும்பு பருக்கும், பருத்தால் சுற்றியுள்ள கட்டுமானத்தைப் பிளக்கும். விரிசலை மட்டும் அடைப்பது வீண். கம்பியை எடுத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள். சாரம் நிற்கும்போதே இடிதாங்கியின் செம்புப் பட்டை தரைவரை அறுபடாமல் இறங்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அதற்காக இன்னொரு முறை சாரம் கட்டினால் செலவு இரட்டிப்பு.

தாம்பரம்: கிறிஸ்துமஸுக்குள் முடிக்க வேண்டும் என்கிறார்கள். ஐப்பசியில் ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் காயாத பூச்சு கரைந்து ஓடும். தையில் ஆரம்பித்து ஆவணிக்குள் முடியுங்கள். வெயில் காலத்தில் ஈரச் சாக்கு கட்டித் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். பண்டிகைக்கு வெள்ளை தெரிய வேண்டுமானால் சுண்ணாம்பு அடியுங்கள். பிளாஸ்டிக் பெயின்டும் சிமெண்ட் மாதிரியே ஈரத்தை அடைக்கும்.

பொன்னேரி, கொத்தனார்: எங்க தாத்தா சுண்ணாம்பு வேலைதான் சார். எனக்கு சிமெண்ட் மட்டும்தான் தெரியும். கத்துக்க முடியுமா?

முடியும் தம்பி. தண்ணீர் விட்டு நீற்றிய சுண்ணாம்பை மூன்று வாரமாவது தண்ணீருக்கடியில் ஊறவிடுங்கள். முதலில் ஆலயத்தின் பின்சுவரில் இரண்டடிக்கு இரண்டடி பூசி, ஒரு மழைக்காலம் விட்டுப் பாருங்கள். தாத்தாவின் கரணையும், பூச்சை மட்டமாகத் தேய்க்கும் மணியாஸ் கட்டையும் வீட்டில் இருந்தால் எடுத்து வையுங்கள், அதே அளவில் இப்போது கடையில் கிடைப்பதில்லை.