மக்கள் பிரதிநிதி வாக்காளர் விருப்பப்படி நடக்க வேண்டுமா, சொந்த அறிவின்படி முடிவெடுக்க வேண்டுமா?

சட்டம் இயற்றும்போது சொந்த அறிவு. ஆட்சியில் யார் இருப்பது என்று வரும்போது வாக்காளர் சொன்ன சொல். என் பதில் இவ்வளவுதான். ஆனால் நம் நாட்டில் இதை அப்படியே நடைமுறைப்படுத்த முடியாது. வாக்காளருக்கும் மனசாட்சிக்கும் நடுவே மூன்றாவதாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் பெயர் கொறடா: சபையில் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி உறுப்பினர்களுக்கு உத்தரவிடுகிறவர்.

அதற்கு முன், ‘வாக்காளர் விருப்பம்’ என்பதை ஏதோ கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருள் போலப் பேசுகிறோம். 2016 தேர்தலில் ராதாபுரம் தொகுதியின் முடிவு 49 வாக்கு வித்தியாசத்தில் அறிவிக்கப்பட்டது. ஒரு பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் அதைவிட அதிகம். அங்கே வென்றவர் யாருடைய விருப்பத்தைச் சுமந்துகொண்டு கோட்டைக்குப் போக வேண்டும்? குடிநீர், பட்டா, முதியோர் உதவித்தொகை போன்றவற்றில் சிக்கல் இல்லை, எல்லாருக்கும் வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகச் சட்டத் திருத்தம் பற்றித் தொகுதியின் விருப்பம் என்ன என்று கேட்டால் தொகுதிக்கே தெரியாது.

இந்தக் கேள்வி எங்கே எழுந்தாலும் பிரிட்டிஷ் அரசியல்வாதி எட்மண்ட் பர்க்கை இழுத்து வருவார்கள். 1774இல் பிரிஸ்டல் நகரத்தில் வென்ற கையோடு, உங்கள் கட்டளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற தூதுவனாக நான் இருக்க மாட்டேன், நாடாளுமன்றம் என்பது நாடு முழுவதன் நலனையும் யோசிக்கும் சபை என்று வாக்காளர்களிடமே அவர் சொன்னார். துணிச்சல்தான். அதற்குப் பிறகு நடந்ததைப் பலர் சொல்வதில்லை. அயர்லாந்தின் வணிகத்தின் மீதிருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்த வேண்டும் என்று அவர் நின்றார். பிரிஸ்டல் வணிகர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1780இல் தோல்வி உறுதி என்று தெரிந்து போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். அதுவரைக்கும் எனக்கு அவர் மீது மரியாதைதான்: அவர் தன் வேலையைச் செய்தார், பிரிஸ்டல்காரர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள். பிறகு மால்டன் என்ற தொகுதிக்குப் போனார். அங்கே ஒரு பிரபுவின் சொல் போதும், வாக்காளர் ஒரு சம்பிரதாயம். சொந்த அறிவைப் பற்றிப் பேசியவர் கடைசியில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத இடத்தைத் தேடிக்கொண்டதுதான் எனக்கு உறுத்துகிறது.

நமக்கு நெருக்கமான உதாரணத்துக்கு வருகிறேன். 2016 டிசம்பரில் முதலமைச்சர் ஜெயலலிதா காலமானார். 2017 பிப்ரவரியில் ஆளுங்கட்சியான அ.தி.மு.க. சசிகலா தரப்பு, ஓ. பன்னீர்செல்வம் தரப்பு என்று இரண்டாகப் பிளந்தது. சசிகலா தரப்பு உறுப்பினர்கள் கூவத்தூர் சொகுசு விடுதியில். அவர்களின் கைப்பேசி எண்கள் வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்கச் சுற்றின. நானும் எங்கள் தொகுதிக்காரருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். பதில் வரவில்லை. அது போய்ச் சேர்ந்ததா என்பதும் தெரியவில்லை. ஆவடி உறுப்பினர் பாண்டியராஜனும் மயிலாப்பூர் உறுப்பினர் நடராஜும் தொகுதி மக்களின் குரலைக் கேட்டு முடிவெடுப்பதாகச் சொல்லி பன்னீர்செல்வம் தரப்புக்குப் போனார்கள். பிப்ரவரி 18 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் சசிகலா தரப்பின் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி 122 வாக்குகள் பெற்று வென்றார், எதிர்த்தவை 11.

அன்றைக்குப் பேசிய பலர் அந்த 11 பேரை மக்கள் பக்கம் என்றும் 122 பேரை மக்களுக்கு எதிர்ப்பக்கம் என்றும் பிரித்தார்கள். என்னால் அவ்வளவு சுலபமாகப் பிரிக்க முடியவில்லை. வாட்ஸ்அப் கோபம் உண்மையானது, ஆனால் அது தேர்தல் முடிவு அல்ல. 2016இல் மக்கள் வாக்களித்தது இரட்டை இலைக்கும் ஜெயலலிதாவுக்கும். அவர் இல்லாதபோது அந்த வாக்கு யாருக்குப் போக வேண்டும் என்று எந்த வாக்குச்சீட்டிலும் எழுதியிருக்கவில்லை. இப்படி ஒரு நிலையில் பிரதிநிதி மக்கள் மனத்தை ஊகிக்கக் கூடாது, பதவியை விட்டுவிட்டு மறுபடியும் மக்களிடம் போய் நிற்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. யாரும் போகவில்லை.

பிறகு நடந்ததுதான் விசித்திரம். ஆகஸ்டில் இரு தரப்பும் இணைந்தன. அரசை எதிர்த்து வாக்களித்தவர்களில் ஓ. பன்னீர்செல்வம் துணை முதலமைச்சரானார், பாண்டியராஜன் அமைச்சரானார். மறுநாள் அந்த இணைப்பை ஏற்காத டி.டி.வி. தினகரன் தரப்பு உறுப்பினர்கள் முதலமைச்சருக்கு ஆதரவில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். அவர்களில் 18 பேரைப் பேரவைத் தலைவர் செப்டம்பர் 18 அன்று தகுதிநீக்கம் செய்தார்; 2018 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சபையில் எதிர்த்து வாக்களித்தவர்களின் பதவி நிலைத்தது, கடிதம் கொடுத்தவர்களின் பதவி போனது. கட்சித் தாவல் தடைச் சட்டத்தின் தராசை அதன் முள்ளைப் பிடித்திருக்கிற பேரவைத் தலைவரை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும்.

ஒரு நல்லது, அந்தத் தொகுதிகளின் மக்களிடம் 2019 இடைத்தேர்தலில் மறுபடியும் கேட்கப்பட்டது. தகுதிநீக்கம் ஆனவர்களில் தினகரன் தொடங்கிய அ.ம.மு.க. சார்பில் நின்றவர்கள் தோற்றார்கள். தி.மு.க.வில் சேர்ந்த செந்தில் பாலாஜி அதே அரவக்குறிச்சியில் வென்றார். மக்கள் மனத்தில் என்ன இருந்தது என்று ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

அந்த நம்பிக்கை வாக்கெடுப்பின்போது எதிர்க்கட்சிகளும் பன்னீர்செல்வம் தரப்பும் ரகசிய வாக்கெடுப்பு கேட்டன. பேரவைத் தலைவர் மறுத்தார். ரகசியமாக நடந்திருந்தால் மனசாட்சி வென்றிருக்கும் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ரகசியம் வாக்காளருக்கு உரியது, ஏனென்றால் அவர் தனக்காக வாக்களிக்கிறார். உறுப்பினர் எனக்காக வாக்களிக்கிறார். அவர் சொந்த அறிவின்படி முடிவெடுக்கலாம், ஆனால் என் கண்ணுக்குத் தெரிந்து எடுக்க வேண்டும்.

இப்போது கொறடாவுக்கு வருகிறேன். 1967இல் ஹரியானாவில் கயா லால் என்ற உறுப்பினர் இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறினார். ‘ஆயா ராம், கயா ராம்’ (ராம் வந்தார், ராம் போனார்) என்ற கேலி அங்கிருந்து வந்தது. அந்த நோய்க்கு 1985இல் 52ஆவது அரசமைப்புத் திருத்தத்தின் மூலம் மருந்து கொடுத்தார்கள். கட்சி உத்தரவை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் ஒதுங்கினாலோ பதவி போகலாம். நம்பிக்கை வாக்கெடுப்புக்கு இது சரி. சின்னத்தைப் பார்த்துப் போட்ட வாக்கை விலைக்கு விற்க விடக் கூடாது. ஆனால் அந்த மருந்தை எல்லா மசோதாவுக்கும் ஊற்றிவிட்டார்கள். மீன்பிடித் துறைமுகம் பற்றிய மசோதாவில் கடலோரத் தொகுதிக்காரர்கூடத் தன் கட்சியை எதிர்த்துக் கை தூக்க முடியாது.

1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியது இங்கே பொருந்தும். அரசின் பொறுப்பைத் தேர்தல்தோறும் மக்கள் எடைபோடுகிறார்கள். நாடாளுமன்ற முறையில் அதோடு சபை உறுப்பினர்களும் கேள்வி, தீர்மானம், விவாதம் வழியாக அன்றாடம் எடைபோடுகிறார்கள் என்பது அவர் வாதம். அந்த அன்றாட எடைபோடும் வேலையிலிருந்து ஆளுங்கட்சி உறுப்பினர்களை நாம் விடுவித்துவிட்டோம். 1990இலேயே தேர்தல் சீர்திருத்தங்களுக்கான தினேஷ் கோஸ்வாமி குழு, நம்பிக்கை வாக்கெடுப்பு, பண மசோதா போன்ற சிலவற்றுக்கு மட்டும் தகுதிநீக்கத்தை வைத்துக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்தது. எந்தக் கட்சி ஆண்டாலும் அந்தப் பரிந்துரை அலமாரியில்தான் இருக்கிறது.

கொறடாவைத் தளர்த்தினால் மட்டும் போதுமா என்றால் போதாது. நம் சட்டமன்றங்களில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. ‘ஆம்’ என்பவர்கள் சத்தம் போட வேண்டும், ‘இல்லை’ என்பவர்கள் சத்தம் போட வேண்டும், அவ்வளவுதான். என் தொகுதி உறுப்பினர் எந்தச் சத்தத்தில் இருந்தார், அன்றைக்குச் சபைக்கு வந்தாரா என்பதுகூட எனக்குத் தெரியாது. அதனால் அடுத்த முறை வாக்கு கேட்டு வருபவரிடம் நான் கேட்கப்போவது வேறு: ஒவ்வொரு மசோதாவுக்கும் உறுப்பினர்களின் பெயர் பதிவாகும்படி வாக்கெடுப்பு வேண்டும் என்று சபையில் எழுந்து கேட்பீர்களா?