தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு: மாஸ்க், கைச்சுத்தம், ஜன்னல் பற்றிய கேள்வி பதில்

2020 நவம்பர் முதல் வாரம். வருகிற 14-ஆம் தேதி தீபாவளி. கொரோனா ஊரடங்குக்குப் பிறகு, செப்டம்பர் 7 முதல் மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓடுகிறது, ரயில் ஓடுகிறது. அதற்குப் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பப் போவது இப்போதுதான். நான் மதுரையில் ஒரு மருத்துவமனையின் தொற்றுத் தடுப்புப் பிரிவில் செவிலியர். கொரோனா வார்டுக்குள் போகிறவர்களுக்கு மாஸ்க் போடவும் கழற்றவும் சொல்லிக் கொடுப்பதுதான் மார்ச் மாதத்திலிருந்து என் வேலை. பயணம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். மருந்து, இ-பாஸ் பற்றி மட்டும் வேண்டாம்.

தாம்பரம்: சிஸ்டர், சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ராத்திரி ரயில், ஸ்லீப்பர். துணி மாஸ்க் போதுமா, என்-95 வாங்க வேண்டுமா?

தம்பி, எந்த மாஸ்க் என்பதைவிட அது உங்கள் முகத்தில் எப்படி உட்காருகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். போட்டதும் இரண்டு கையாலும் மாஸ்க்கை லேசாக மூடிக்கொண்டு வேகமாக மூச்சு விட்டுப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே காற்று அடித்தாலோ, மூக்குக்கண்ணாடி பனி படிந்தாலோ மேலே இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். மூக்குக்கு மேல் ஒரு கம்பி இருக்கும். அதை ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூம்பு போல நிற்கும், இரண்டு பக்கமும் காற்று போகும். இரண்டு கை ஆள்காட்டி விரலாலும் நடுவிலிருந்து கன்னம் வரைக்கும் தடவி அழுத்துங்கள். தாடி வைத்திருந்தால் என்-95 சரியாக ஒட்டாது. அதற்குக் கொடுக்கிற காசு வீண்.

துணி என்றால் மூன்று அடுக்கு. ஜூன் மாதம் உலக சுகாதார நிறுவனம் சொன்னதும் அதுதான்: உள்ளே ஈரத்தை இழுக்கிற பருத்தி, நடுவில் வடிகட்டுகிற அடுக்கு, வெளியே ஈரம் ஒட்டாத பாலியஸ்டர் மாதிரித் துணி. ட்யூப்லைட் முன்னால் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தாராளமாகத் தெரிந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற மூன்றடுக்கு சர்ஜிக்கல் மாஸ்க் முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால் அதுவே நல்லது. அதைத் துவைத்துப் போடக் கூடாது.

உங்கள் பயணத்துக்கு நான்கு மாஸ்க் எடுத்துக்கொள்ளுங்கள். ஈரமானால் உடனே மாற்ற வேண்டும். புதியதற்கு ஒரு காகிதக் கவர், கழற்றியதற்கு ஒரு காகிதக் கவர். கழற்றும்போது காதுப் பட்டையைப் பிடித்துக் கழற்றுங்கள், முன்பக்கத்தைத் தொடாதீர்கள். தாடைக்கு மட்டும் இறக்காதீர்கள். இதை இன்று நான் பல தடவை சொல்லப் போகிறேன்.

சேலம்: வால்வு வைத்த என்-95 மூச்சு விட வசதியாக இருக்கிறது. போடலாமா?

வேண்டாம். உள்ளே வருகிற காற்றைத்தான் அது வடிகட்டும். நீங்கள் விடுகிற மூச்சு வால்வு வழியாக அப்படியே எதிர் சீட்டுக்காரருக்குப் போகும். மத்திய சுகாதாரத் துறையே ஜூலையில் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதி இதை வேண்டாம் என்று சொன்னது.

கோவில்பட்டி, ஒரு அம்மா: மருமகள் வெளியே எதுவும் வாங்கிச் சாப்பிடாதீர்கள் என்கிறாள். புளிசாதம், இட்லிப் பொடி தடவிய இட்லி கட்டி எடுத்துக்கொள்கிறேன். அது பாதுகாப்புதானே?

அம்மா, சாப்பாட்டில் எந்தக் குறையும் இல்லை. எனக்குப் பயம் சாப்பிடுகிற நேரத்தில். இன்றைக்கு நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான், எல்லோரும் படியுங்கள்.

செப்டம்பர் கடைசியில் நான் ராத்திரி ரயிலில் சென்னைக்குப் போனேன். ஸ்டேஷனில் எல்லார் முகத்திலும் மாஸ்க். பெட்டியில் ஏறியதும் சீட்டைத் துடைத்தார்கள், கைக்கு சானிடைசர் போட்டார்கள். அவ்வளவு கவனம். திண்டுக்கல் தாண்டியதும் ஒருவர் பொட்டலத்தைப் பிரித்தார். வாழையிலை வாசம் வந்ததும் எல்லாருக்கும் பசி. ஐந்து நிமிடத்தில் எங்கள் தடுப்பில் எட்டுப் பேரில் ஏழு பேருக்கு மாஸ்க் இல்லை. எதிரும் புதிருமாக உட்கார்ந்து, முழங்கால் இடிக்கிற தூரத்தில், பேசிச் சிரித்து, ஊறுகாய் கொடுத்து வாங்கி முக்கால் மணி நேரம். ஷட்டர் வேறு இறக்கியிருந்தது. அந்த முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் சீட்டைத் துடைத்தது எதற்கும் உதவாது.

முடிந்தால் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். ராத்திரி ரயிலுக்கு அது பெரிய கஷ்டம் இல்லை. பசி தாங்காதவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் கட்டாயம் சாப்பிட வேண்டும். அவர்கள் மற்றவர்கள் சாப்பிடாத நேரமாகப் பார்த்து, ஜன்னலோரம் திரும்பி, பேசாமல் சாப்பிட்டு முடித்து, உடனே மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு இட்லி நல்ல யோசனை, அம்மா. பத்து நிமிடத்தில் முடியும்.

விருதுநகர்: அப்போ காலையில் டீ?

பிளாட்பாரத்தில் இறங்கி, தள்ளி நின்று குடியுங்கள். இன்னொன்று: காலையில் பெட்டியின் கடைசியில் இருக்கிற வாஷ்பேசினில் வரிசை கட்டிப் பல் துலக்குகிறோமே, அதை இந்த வருடம் விட்டுவிடுங்கள். பத்துப் பேர் மாஸ்க் இல்லாமல் கொப்பளித்துத் துப்புகிற இடம் அது, கதவும் மூடியிருக்கும். வீட்டுக்குப் போய்த் துலக்கலாம்.

அண்ணாநகர், பொறியாளர்: மேடம், மூன்றாம் ஏசியில் டிக்கெட் போட்டிருக்கிறேன். திரைச்சீலை, போர்வை எல்லாம் எடுத்துவிட்டார்கள், சுத்தமாக இருக்கிறது. ஸ்லீப்பரைவிட ஏசி பாதுகாப்புதானே? வெளிக்காற்று, தூசி எதுவும் வராது.

வெளிக்காற்று வராததுதான் பிரச்சினை, சார். என்னைக் கேட்டால் ஜன்னல் திறந்த ஸ்லீப்பர்தான்.

அண்ணாநகர்: மார்ச் மாதம் உலக சுகாதார நிறுவனமே இது காற்றில் பரவாது என்று ட்விட்டரில் போட்டது. நீங்கள் அதற்கு எதிராகச் சொல்கிறீர்கள்.

போட்டது உண்மை. அதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து, காற்று வழிப் பரவலைக் கணக்கில் எடுங்கள் என்று எழுதினார்கள். அதே வாரம் அந்த நிறுவனம், மூடிய இடங்களில் அதற்கு வாய்ப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டது. போன மாதம் 5-ஆம் தேதி அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி-யும் அதே மாதிரி தன் குறிப்பை மாற்றியது. இன்னொரு சம்பவம் சொல்கிறேன். ஜனவரியில் சீனாவின் செஜியாங் மாகாணத்தில் ஒரு பஸ். கோயில் வழிபாட்டுக்குப் போனவர்கள் 68 பேர், அதில் ஒருவருக்குத் தொற்று. யாரும் மாஸ்க் போடவில்லை. உள்ளே இருக்கிற காற்றையே ஏசி திரும்பத் திரும்பச் சுற்றிவிட்டது. போக வர மொத்தம் 100 நிமிடம். 23 பேருக்குத் தொற்றியது. பக்கத்து சீட்டுக்காரர்கள் மட்டுமல்ல, பல வரிசை தள்ளி இருந்தவர்களும் அதில் உண்டு. அவர்களை எல்லாம் அவர் தொட்டிருக்க முடியாது.

திருச்சி, ரயிலில் வாரம் இருமுறை போகிறவர்: குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள், சிஸ்டர். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் ஸ்லீப்பரில் ஒரு ஷட்டர் திறந்திருக்காது. இப்போது மழை வேறு. 72 பேர், மூடிய பெட்டி, ஏசியும் இல்லை. அப்போது எது பாதுகாப்பு?

அண்ணாநகர்: அதைத்தான் நானும் கேட்கிறேன். ரயில் ஏசியில் வெளிக்காற்றும் கலந்துதான் வருகிறது. சீனா பஸ்ஸோடு ஒப்பிடக் கூடாது.

திருச்சி அண்ணா கேட்டது நியாயமான கேள்வி. நான் அதை யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டேன். எல்லா ஷட்டரையும் இறக்கிய ஸ்லீப்பர், ஏசி பெட்டியைவிட மோசமாகவே இருக்கலாம். சாரும் சொன்னது சரி, ரயில் ஏசி கொஞ்சம் வெளிக்காற்றை எடுக்கிறது. அதனால் என் பதிலைத் திருத்திக்கொள்கிறேன்: காற்று ஓடுகிற பெட்டிதான் பாதுகாப்பு. பகல் நேர ரயில் கிடைத்தால் அதில் போங்கள், ஷட்டர் திறந்தே இருக்கும். ராத்திரி ஸ்லீப்பர் என்றால் கீழ் பெர்த்தோ சைடு லோயரோ கேளுங்கள், ஷட்டர் உங்கள் கையில் இருக்கும். மழை அடித்தாலும் இரண்டு விரல் அளவு தூக்கி வையுங்கள். ஏசியில் போகிறவர்கள் தூங்கும்போதும் மாஸ்க்கைக் கழற்றாதீர்கள், சாப்பாடு பெட்டிக்குள் வேண்டவே வேண்டாம்.

திருச்சி: பக்கத்தில் இருப்பவர் குளிர்கிறது, மூடுங்கள் என்பாரே?

ஒரு சால்வை கூடுதலாக எடுத்துப் போய் அவரிடம் கொடுங்கள். நிஜமாகவே சொல்கிறேன், ஷட்டர் மூடுவதைவிட அது நல்லது. அரசு பஸ்ஸுக்கும் இதே பதில்தான். மதுரவாயல், பெருங்களத்தூர் என்று பஸ் ஊர்ந்து போகிற நேரத்தில்தான் காற்று நின்றுபோகும். அப்போது ஜன்னலை முழுக்கத் திறங்கள்.

ஈரோடு: வால்வு மாஸ்க் போடலாமா?

மேலே சேலத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பழனி: கபசுரக் குடிநீர் குடித்தால் மாஸ்க் வேண்டாமா? மாஸ்க்குக்குள் கற்பூரம் வைக்கலாமா?

கபசுரக் குடிநீர் பற்றிச் சித்த மருத்துவரிடம் கேளுங்கள். அது மாஸ்க்குக்குப் பதில் ஆகாது. கற்பூரம் வேண்டாம், முக்கியமாகக் குழந்தைகளுக்கு. அது விஷம்.

ஊட்டி போகிறவர்: இ-பாஸ் உண்டா?

கலெக்டர் அலுவலகம்.

காரைக்குடி, பள்ளி ஆசிரியை: என் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். நோய் பரவாமலிருக்க மாஸ்க் போடும் வழக்கம் எப்போது வந்தது?

டீச்சர், இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி. இதில் ரயிலும் இருக்கிறது, பண்டிகையும் இருக்கிறது. 1910 கடைசியில் வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியது. ஹார்பின் நகருக்கு அனுப்பப்பட்டவர் வூ லியன் டே, பினாங்கில் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்த மருத்துவர், வயது 31. எலியால் அல்ல, மனிதர் மூச்சால் பரவுகிறது என்று அவர் சொன்னபோது பெரிய மருத்துவர்கள் நம்பவில்லை. காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியை மடித்து, நடுவில் பஞ்சு வைத்து, தலைக்குப் பின்னால் கட்டுகிற மாஸ்க்கைச் செய்தார். மெனி என்ற பிரெஞ்சு மருத்துவர் மாஸ்க் போடாமலே வார்டுக்குள் போனார். சில நாட்களில் அதே பிளேக்கில் இறந்துபோனார். அதற்குப் பிறகு தெருவிலும் மாஸ்க் போட ஆரம்பித்தார்கள்.

அப்போது சீனப் புத்தாண்டு நேரம். கூலித் தொழிலாளர்கள் ரயில் ஏறி ஊருக்குப் போனார்கள், நோயும் ரயில் பாதையோடு போனது. வூ ரயில்களை நிறுத்தச் செய்தார், சரக்குப் பெட்டிகளையே தனிமைப்படுத்தும் அறைகளாக்கினார். சுமார் 60,000 பேர் இறந்தார்கள். நான்கே மாதத்தில் அது அடங்கியது. என் மாணவிகளுக்கு மாஸ்க் வகுப்பைக் கம்பி அழுத்துவதில் தொடங்க மாட்டேன், இந்தக் கதையில்தான் தொடங்குவேன்.

திண்டிவனம்: குழந்தைக்கு ஒன்றரை வயது. மாஸ்க் போடலாமா?

கூடாது. இரண்டு வயதுக்குக் கீழே மூச்சுத் திணறினால் இழுத்துவிடத் தெரியாது. ஐந்து வயது வரை கட்டாயமில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தையை ஜன்னலோரம் வைத்து, சுற்றி இருக்கிற நீங்கள் ஒழுங்காகப் போடுங்கள். யார் கையிலும் கொஞ்சக் கொடுக்காதீர்கள்.

கும்பகோணம்: மாமியாருக்குக் காது கேட்கும் கருவி இருக்கிறது. மாஸ்க் கழற்றும்போது அதுவும் சேர்ந்து வந்துவிடுகிறது.

காதில் மாட்டாமல் தலைக்குப் பின்னால் கட்டுகிற நாடா மாஸ்க் வாங்குங்கள். அல்லது இரண்டு காதுப் பட்டையையும் பின்னால் ஒரு ரிப்பனால் இணைத்து, கொண்டைக்கு மேல் வையுங்கள். காது வலியும் இருக்காது.

ஆவடி: போனில் பேசும்போது மட்டும் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கலாமா?

கூடாது. பேசும்போதுதான் வாயிலிருந்து அதிகம் தெறிக்கிறது. தாடையிலும் கழுத்திலும் பட்டதைத் திரும்ப மூக்கில் வைக்கிறீர்கள். மூன்று பேர் இதையே கேட்டிருக்கிறீர்கள். போன் பேச, செல்ஃபி எடுக்க, தும்ம என்று. மூன்றுக்கும் கூடாது. போலீஸ்காரரைப் பார்த்தால் மட்டும் மேலே ஏற்றி 200 ரூபாய் அபராதத்திலிருந்து தப்பிக்கலாம், வீட்டில் இருக்கிற அப்பத்தாவைத் தப்ப வைக்க முடியாது.

நாகர்கோவில்: எந்த சானிடைசர் நல்லது? பையையெல்லாம் துடைக்க வேண்டுமா?

எத்தனால் அல்லது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 60 சதவீதத்துக்கு மேல் என்று லேபிளில் இருக்க வேண்டும். மெத்தனால் என்று இருந்தால் தொடாதீர்கள். சோப்பும் தண்ணீரும் கிடைத்தால் அதுதான் முதலில், 20 விநாடி. பையைத் துடைத்து நேரத்தைச் செலவழிக்காதீர்கள். கையைக் கழுவுங்கள், முகத்தைத் தொடாமல் இருங்கள்.

இந்த வருடம் கூடுதலாக ஒன்று. சானிடைசர் போட்ட கையோடு மத்தாப்போ விளக்கோ ஏற்றாதீர்கள். பகலில் அந்த நெருப்பு கண்ணுக்கே தெரியாது. பட்டாசு இருக்கிற வாசலில் பாட்டிலை வைக்காதீர்கள். பிள்ளைகளுக்கு அன்றைக்கு சோப்புதான்.

மணப்பாறை: வீட்டில் பாட்டிக்கு 81 வயது. ஊருக்குப் போனதும் என்ன செய்வது?

குளித்து, துணி மாற்றி, மாஸ்க்கோடு திண்ணையில் உட்கார்ந்து பேசுங்கள். அறிகுறி வருவதானால் பெரும்பாலும் ஐந்தாறு நாளில் தெரியும், 14 நாள் வரையும் ஆகலாம். அதுவரை பாட்டியோடு ஒரே அறையில் சாப்பாடு வேண்டாம். தீபாவளி எண்ணெய் அவருக்கு அவரே வைத்துக்கொள்ளட்டும், அல்லது ஊரிலேயே இருப்பவர்கள் வைத்துவிடட்டும்.

வேளச்சேரி: சிஸ்டர், நேற்று சாயங்காலத்திலிருந்து தொண்டை கரகரப்பு, லேசான காய்ச்சல். 12-ஆம் தேதி ராத்திரி டிக்கெட். பாரசிட்டமால் போட்டால் ஸ்டேஷனில் தெர்மல் ஸ்கேனில் தெரியாது என்கிறார் நண்பர். எட்டு மாதமாக அம்மாவைப் பார்க்கவில்லை.

தம்பி, நண்பர் சொன்னது உண்மைதான், ஸ்கேனரில் தெரியாது. அதனால்தான் சொல்கிறேன், போகாதீர்கள். இன்றே 104-க்குப் போன் செய்து எங்கே டெஸ்ட் எடுப்பது என்று கேளுங்கள். முடிவு வரும்வரை அறையில் தனியாக இருங்கள். டிக்கெட்டை ரத்து செய்யுங்கள். அறை நண்பர்களும் கிளம்ப வேண்டாம், காய்ச்சல் வருவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே பரவத் தொடங்கிவிடும். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினால் எனக்குத் தனியாக எழுதுங்கள். நானே அவரிடம் பேசுகிறேன்.