மாடி வீட்டில் மீன் தொட்டி: தளம் தாங்குமா?

கேள்வி: இரண்டாவது மாடி ஃபிளாட். நாலடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரத்தில் மீன் தொட்டி வாங்க ஆசை. தளம் தாங்குமா? (வாசகி, மேடவாக்கம்)

பதில்: இடம் பார்த்து வைத்தால் தாங்கும், அம்மா. தண்ணீர் மட்டும் சுமார் 255 கிலோ. கண்ணாடி, கூழாங்கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் 400 கிலோவை நெருங்கும். வீட்டு அறைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்று வைத்துத் தளத்தை வடிவமைக்கச் சொல்கிறது ஐ.எஸ். 875 என்ற, கட்டடம் தாங்க வேண்டிய பாரத்துக்கான இந்தியத் தர விதி. தொட்டி நிற்கும் இடத்தில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் இறங்குகிறதே என்று பதற வேண்டாம். நல்ல கான்கிரீட் தளம் பாரத்தைச் சுற்றிலும் பரப்பிவிடும். ஆனால் ஹால் நடுவில் வேண்டவே வேண்டாம். அடியில் பீம் ஓடும் சுவரை ஒட்டி நீளவாக்கில் வையுங்கள். ஹாலில் கூடும் விருந்தாளிகளும் பாரம்தான், ஆனால் சாப்பிட்டுக் கிளம்பிவிடுவார்கள். தொட்டி வருடக்கணக்கில் அங்கேயே நிற்கும், தளம் மெல்லத் தொய்யும்.

அப்புறம் டைல்ஸ். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். வெற்றொலி வந்தால் அடியில் கலவை இல்லை, ஸ்டாண்டுக் கால் அங்கே இறங்கினால் பிளந்துவிடும். கால்களுக்கு அடியில் கனமான பிளைவுட் பலகை போடுங்கள். மரச்சட்டங்கள் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் தளம் போட்ட பழைய வீடு என்றால் இன்ஜினீயர் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கேள்வி: ஆறடிக்கு இரண்டடிக்கு இரண்டடி தொட்டிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். பால்கனியில் வைக்கலாமா?

பதில்: கூடாது. தண்ணீரே 680 கிலோ. கேள்வியை அட்வான்ஸுக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும்.

கேள்வி: வாங்கிய ஒரே வாரத்தில் தொட்டி மூலையில் கசிகிறது. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று பில்லில் இருப்பதைக் காட்டுகிறார் கடைக்காரர்.

பதில்: அந்த வரியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரப்பர் ஸ்டாம்பு குத்திவிட்டால் சட்டமாகிவிடுமா? குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம் என்கிறது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பில் தர மறுப்பதும் அப்படித்தான். நீங்கள் ஏமாந்தவர் இல்லை, ஏமாற்றப்பட்டவர். கசிவை வீடியோ எடுங்கள். நீங்களாகச் சிலிக்கான் பூசிவிடாதீர்கள், பழி உங்கள் தலையில் விழும். கடைக்கு எழுத்தில் கொடுங்கள், மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணமே கிடையாது. எனக்கும் ஒரு கடையில் துருப்பிடிக்காத ஸ்டாண்டு என்று சொல்லி, பெயின்ட் அடித்த தகரத்தைத் தள்ளிவிட்டார்கள். பில்லில் இருந்தது “ஸ்டாண்டு 1” மட்டுமே. அதை வைத்து என்ன வாதாடுவது? கண்ணாடியின் கனம் வரை எழுதி வாங்குங்கள்.

கேள்வி: வாடகை வீடு. ஓனரிடம் சொல்லாமல் வைக்கலாமா?

பதில்: சொல்லிவிட்டு வையுங்கள். தொட்டி விரிசல் விட்டால் முதலில் நனைவது கீழ் வீட்டு மின்விசிறி.