கிம் ஆங் ஏன் விலகினார்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

கிம் ஆங் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பேஸ்பால் எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் 30 வருடம் காத்திருந்து மயாமி மார்லின்ஸ் அணிக்குப் பொது மேலாளரானவர் (ஆட்டக்காரர்களை வாங்குவதையும் விடுவதையும் முடிவுசெய்யும் பதவி), அணி பிளே-ஆஃப் போன வருடமே வேலையை விட்டது உறுத்துகிறது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த 30 வருடத்தில் அவர் என்ன செய்தார் என்று பார்க்கவேண்டும். 1990இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணி அலுவலகத்தில் வேலை பழகும் ஊழியராக (இன்டர்ன்) சேர்ந்தார். 29 வயதில் நியூயார்க் யாங்கீஸின் உதவிப் பொது மேலாளர். அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸில் அதே பதவி.

சம்பள வழக்குகளில் அவர் கெட்டிக்காரர். சம்பளம் ஒத்துவராவிட்டால் ஆட்டக்காரரும் அணியும் ஆளுக்கொரு தொகையைச் சொல்லி நடுவர்கள் முன் வாதாடவேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் நடுவர்கள் எடுக்கலாம். நடுவில் ஒரு தொகைக்கு இடமே கிடையாது. 2004இல் டாட்ஜர்ஸின் எரிக் கான்யே 80 லட்சம் டாலர் கேட்டார். முந்தைய சீசனில், முன்னிலையைக் கடைசிவரை காக்கக் கிடைத்த 55 வாய்ப்பில் ஒன்றைக்கூட விடாத பந்துவீச்சாளர். அணி 50 லட்சம் என்றது. அப்படிப்பட்டவருக்கு எதிரான வழக்கைக் கையாண்டு ஜெயித்தவர் கிம் ஆங். கான்யேயை நினைத்தால் எனக்குச் சங்கடம்தான். ஆனால் என்ன ஒரு தயாரிப்பு!

இத்தனை திறமையோடு 2005 முதல் பல அணிகளில் பொது மேலாளர் பதவிக்கு நேர்காணலுக்குப் போய்வந்தார். 2020 நவம்பரில்தான் மார்லின்ஸ் எடுத்தது. அமெரிக்காவின் பெரிய ஆண்கள் லீக்குகளில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். 2023 சீசனுக்கு முன் பாப்லோ லோபஸ் என்ற நல்ல பந்துவீச்சாளரைக் கொடுத்து லூயிஸ் அராயஸை வாங்கினார். அராயஸ் அந்த வருடம் தேசிய லீக்கில் (அமெரிக்க முதல்தர பேஸ்பாலின் இரு பிரிவுகளில் ஒன்று) மட்டையடிச் சராசரியில் முதலிடம் பிடித்தார். அணிக்கு 84 வெற்றி, பிளே-ஆஃப்.

அதன்பிறகு அவருக்கு மேலே ஒரு தலைவரை அமர்த்த உரிமையாளர் நினைத்தார். ஒப்பந்தத்தை நீட்டிக்க அணி தயார், மறுத்தது அவர்தான். யாரை வாங்குவது, யாரை விடுவது என்பதில் கடைசி முடிவு இன்னொருவருடையது என்றால் அது மறுபடி உதவியாளர் வேலைதானே? அதைப் பத்து வருடத்துக்கும் மேல் செய்துவிட்டார். இன்னும் பொறுத்துப் போ என்று அவரிடம் கேட்பது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஜெயித்துக் காட்டியபின் அதிகாரம் கூடவேண்டும், குறையக்கூடாது.

2025இல் பெண்களுக்கான ஒரு தொழில்முறை சாஃப்ட்பால் (பேஸ்பால் போன்ற ஆட்டம்) லீக்குக்கு ஆணையராகியிருக்கிறார். கல்லூரியில் அவர் ஆடிய ஆட்டம் அது.