பாதி பிரீமியத்துக்குப் பின்னால் ஒரு தேதி

கேள்வி: ஆறு வருஷமாகச் சொந்தமாக ஒரு சிறு கிளினிக் நடத்துகிறேன். நான், ஒரு நர்ஸ், வரவேற்பில் ஒருவர், அவ்வளவுதான். சிகிச்சையில் தவறு என்று யாராவது வழக்குப் போட்டால் கைகொடுக்கும் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீட்டை அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். வேறொரு நிறுவனத்தின் ஏஜென்ட், அதே தொகைக்கான காப்பீட்டைப் பாதி பிரீமியத்தில் தருவதாகச் சொல்கிறார். மாறலாமா?

பதில்: மாறலாம் டாக்டர். ஆனால் பாதிக்குப் பாதி எப்படிக் கட்டுபடியாகிறது என்று முதலில் கேளுங்கள்.

இந்தக் காப்பீட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், சிகிச்சை நடந்த நாளில் எந்தப் பாலிசி இருந்ததோ அதுதான் பொறுப்பேற்கும். வழக்கு பத்து வருஷம் கழித்து வந்தாலும் கவலை இல்லை. மற்றதில், நோட்டீஸ் வரும் நாளில் எந்தப் பாலிசி நடப்பில் இருக்கிறதோ அதுதான் பொறுப்பு. இந்த இரண்டாவது வகையில் ‘ரெட்ரோஆக்டிவ் டேட்’ என்று ஒரு தேதி இருக்கும். பாலிசியோடு ஷெட்யூல் என்று ஒரு தாளை இணைத்திருப்பார்கள் இல்லையா, அதில் பொடி எழுத்தில் தேடுங்கள். அந்தத் தேதிக்கு முன்னால் நீங்கள் பார்த்த நோயாளி யார் வழக்குப் போட்டாலும் நிறுவனம் கையை விரித்துவிடும்.

உங்கள் பழைய பாலிசியில் அது ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதியாக இருக்கலாம். புதியவர் அதை அடுத்த மாதம் 1-ம் தேதி என்று போட்டிருந்தால், உங்கள் தலையில் இருக்கும் ஆறு வருஷ வேலையை அவர் ஏற்றுக்கொள்ளவே இல்லை. பழைய நிறுவனமோ, பாலிசி முடிந்த பிறகு வந்த நோட்டீஸ் என்று ஒதுங்கிக்கொள்ளும். இந்த வகையில் முதல் வருஷப் பிரீமியம் மலிவாக இருப்பதற்கே காரணம் இதுதான்: பின்னால் சுமக்க எதுவும் இல்லை. வருஷம் ஏற ஏற அதுவும் ஏறும். பழைய தேதியை அப்படியே ஏற்பதாக எழுத்தில் வாங்குங்கள். அப்புறமும் விலை குறைவாக இருந்தால், அதுதான் உண்மையான தள்ளுபடி.

குழந்தைகளைப் பார்ப்பவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். வழக்குப் போடுவதற்கான கால வரம்பு, பல நாடுகளில் அந்தக் குழந்தை வயதுக்கு வந்த பிறகுதான் ஓடவே தொடங்கும். கிளினிக்கை மூடிவிட்டு ஓய்வு பெறும்போதுகூட, பாலிசி முடிந்த பின் வரும் வழக்குகளுக்கான நீட்டிப்பை வாங்காமல் போகக் கூடாது.

இன்னொன்று. வக்கீல் செலவு காப்பீட்டுத் தொகைக்குள் அடங்கியதா, அதற்கு மேலா? உள்ளே என்றால், வழக்கு இழுக்க இழுக்க நஷ்டஈட்டுக்கு மிஞ்சுவது கரைந்துகொண்டே போகும். நர்ஸ் போட்ட ஊசிக்கும் உங்கள் மேல்தான் கேஸ் வரும்; அதனால் அவர் பெயரும் பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள். மனக்குறையோடு ஒரு நோயாளி கடிதம் எழுதினாலே நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். வழக்காக வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருந்தால் ‘தாமதம்’ என்ற ஒரே வார்த்தையில் கிளைமை மறுத்துவிட முடியும்.

கேள்வி: இரவு மின்சாரம் போய், ஃபிரிட்ஜில் இருந்த தடுப்பூசி முழுக்க வீணானது. கிளினிக்குக்குத் தீ விபத்துக் காப்பீடு இருந்தும் பணம் தர மறுத்துவிட்டார்கள். நியாயமா?

பதில்: கோபம் புரிகிறது. ஆனால் தீப்பிடிக்கவில்லையே. மின்தடையால் கெட்டுப்போகும் சரக்குக்குத் தனிச் சேர்க்கை உண்டு, அதைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்கினாலும் கிளைம் என்று போனால் அவர்கள் முதலில் கேட்பது வெப்பநிலைப் பதிவு நோட்டைத்தான். பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். தினம் இரண்டு வேளை எழுதி, கீழே கையெழுத்துப் போட்ட நோட்டு இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். எல்லோரும் சூட்டைக் கண்டுதான் பயப்படுகிறார்கள். டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி போன்றவை உறைந்தாலும் கெட்டுவிடும். அதனால் ஃப்ரீசர் பெட்டியை ஒட்டி அடுக்காதீர்கள்.

பாலிசியைத் திறந்த கையோடு, சரக்குக்கும் கருவிகளுக்கும் என்ன மதிப்பு எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். பிரீமியத்தை மிச்சம் பிடிக்க 100 மதிப்புள்ளதை 60 என்று எழுதியிருந்தால், 20 சேதத்துக்குக் கிடைப்பது 12-தான். மொத்தமும் போனால்தானே மதிப்புப் பிரச்சினை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, சின்னச் சேதத்திலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள்.

கேள்வி: கை மணிக்கட்டு முறிந்து இரண்டு மாதம் கிளினிக்கை மூடினேன். தொழில் தடைக் காப்பீடு வைத்திருந்தேன், உதவவில்லை.

பதில்: அது பெரும்பாலும் கட்டடமோ பொருளோ சேதமாகித் தொழில் நின்றால்தான் பணம் தரும். உடைந்தது உங்கள் கை. கட்டடம் நன்றாகத்தானே இருக்கிறது! தனியாக நடத்தும் டாக்டருக்கு வேண்டியவை வேறு இரண்டு. நீங்கள் படுத்திருக்கும்போதும் ஓடும் வாடகை, சம்பளம், மின்கட்டணத்துக்கு ஒன்று. வீட்டுச் செலவுக்கு, உங்கள் வருமானத்துக்கு இன்னொன்று. முதலாவதில் உங்கள் சொந்த வருமானம் சேராது. இரண்டும் ஒன்று என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

வருமானக் காப்பீட்டில் ஒரு வரிதான் முக்கியம்: ‘இயலாமை’ என்றால் என்ன? ‘தன் சொந்தத் தொழிலைச் செய்ய முடியாமல் போவது’ என்று இருக்க வேண்டும். ‘எந்த வேலையும் செய்ய முடியாமல் போவது’ என்று இருந்தால், கை நடுக்கம் வந்த அறுவை மருத்துவரைப் பார்த்து, நீங்கள் பாடம் நடத்தலாமே என்பார்கள். காத்திருப்புக் காலத்தை, அதாவது நீங்கள் முடங்கிய நாளிலிருந்து பணம் வரத் தொடங்கும்வரை உள்ள இடைவெளியை, 14 நாளிலிருந்து 60, 90 நாளுக்குத் தள்ளினால் பிரீமியம் நன்றாகக் குறையும். அத்தனை நாளைச் சமாளிக்கும் ரொக்கம் வங்கியில் இருந்தால் மட்டும் தள்ளுங்கள். நோயாளிகளின் மருத்துவக் காப்பீட்டிலிருந்து வர வேண்டிய பாக்கியை அந்த ரொக்கத்தில் சேர்க்காதீர்கள், அது எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை.

கேள்வி: ஸ்கேன் மெஷினை வாங்குவதா, குத்தகைக்கு எடுப்பதா?

பதில்: தினம் எத்தனை பேருக்கு அது தேவைப்படும் என்று ஒரு மாதம் எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். குத்தகை என்றால் மெஷினைக் காப்பீடு செய்வது யார், பழுது பார்ப்பது யார் என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டும் உங்கள் தலையில்தான் விழும். குத்தகை முடியும் தேதியையும் உங்கள் இடத்தின் வாடகை ஒப்பந்தம் முடியும் தேதியையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இடத்தைக் காலி செய்யச் சொன்ன பிறகும் இரண்டு வருஷத் தவணை பாக்கி இருக்குமானால், இப்போதே குத்தகைக் காலத்தைக் குறைத்துக் கேளுங்கள்.