கைப்பிடியைப் பிடித்தபடி யாரும் தூங்குவதில்லை

வாசகர் கடிதம்:

எனக்கு வயது 41. அம்மா, மனைவி, ஆறு வயது மகள் என நால்வர் கொண்ட குடும்பம். 1994-இல் ஆடி (Audi) நிறுவனத்தின் ஆர்எஸ்2 அவாண்ட் கார் வந்தபோது அதன் படத்தை நோட்டு அட்டையில் ஒட்டி வைத்திருந்த பையன் நான். இப்போதுள்ள செடான் பழையதாகிவிட்டதால், வேகமும் இடவசதியும் சேர்ந்த ஓர் எஸ்டேட் கார் (கூரை பின்கதவு வரை நீளும் வகை) வாங்க நினைக்கிறேன். ஒரே மாடலில் இரண்டு வகைகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது 150 குதிரைத்திறனும் 16 அங்குலச் சக்கரமும் கொண்ட சாதாரண வகை. இரண்டாவது 300 குதிரைத்திறன், 19 அங்குலச் சக்கரம், தாழ்த்தப்பட்ட ஸ்போர்ட்ஸ் சஸ்பென்ஷன், ஸ்போர்ட்ஸ் சீட்டுகள் கொண்டது. மூன்று முறை தனியாகப் போய் ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது மனதை விட்டுப் போகவில்லை. மனைவி முதலாவதே போதும் என்கிறாள். மகளுக்குத் தன் சைக்கிள் டிக்கியில் ஏறினால் சரி. அம்மாவுக்கு 68 வயது. அவருக்கு எந்த வண்டியானாலும் ஒன்றுதான். கிளம்பிய பத்தாவது நிமிடத்தில் கதவுக்கு மேலிருக்கும் கைப்பிடியைப் பிடித்தபடியே தூங்கிவிடுவார், இறங்கும் இடத்தில்தான் கண் விழிப்பார். நெடுநாள் ஆசையை நிறைவேற்றிக்கொள்வதில் தவறு உண்டா?

பதில்:

தவறு உண்டா என்று கேட்டு எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை, முடிவை எடுத்த பிறகு எழுதப்பட்டவை. எழுதியவருக்குத் தேவைப்படுவது அந்த முடிவின் அடியில் இன்னொருவர் போடும் கையெழுத்து. அதை நான் இப்போது போடப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் குதிரைத்திறனும் சக்கர அளவும் இருந்த வரிகளை ஒரு முறைதான் படித்தேன். உங்கள் அம்மாவைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரியை நான்கு முறை படித்தேன்.

உறக்கம் வந்தால் மனிதனின் கை தளரும். படித்துக்கொண்டிருந்த புத்தகம் நழுவி விழுவதும், தோளில் தூங்கும் குழந்தையின் பிடி விட்டுப்போவதும் அதனால்தான். தலைக்கு மேலே உயர்த்திய கையால் ஒரு கைப்பிடியைப் பயணம் முழுவதும் பற்றியிருக்கும் ஒருவர் தூங்கிக்கொண்டிருக்க முடியாது. உங்கள் அம்மா தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, பயணம் எப்போது முடியும் என்று காத்திருக்கிறார். அதைத் தூக்கம் என்று எடுத்துக்கொண்டது மட்டுமின்றி, அதிலிருந்து "அவருக்கு எந்த வண்டியானாலும் ஒன்றுதான்" என்ற தீர்ப்பையும் எழுதிவிட்டீர்கள். எனக்குக் கோபம் வந்த இடம் அது.

அவர் ஏன் கண்ணை மூடுகிறார் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். காதின் உட்புறத்தில் சமநிலையை உணரும் உறுப்பு ஒன்று இருக்கிறது. வண்டி வளைவதையும், வேகமெடுப்பதையும், நிற்பதையும் அது உடனுக்குடன் மூளைக்குச் சொல்கிறது. பின் இருக்கையில் இருப்பவரின் கண்ணுக்குத் தெரிவதோ முன் இருக்கையின் முதுகு மட்டும். அது அசையாமல் நிற்கிறது. நகர்கிறோம் என்று காது சொல்ல, நகரவில்லை என்று கண் சொல்ல, அந்த முரண்பாட்டில் பிறப்பவைதான் தலைசுற்றலும் குமட்டலும். கண்ணை மூடினால் இரண்டு சாட்சிகளில் ஒன்று வாயடைத்துப்போகிறது, உடலுக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்கு இந்தத் தொல்லை வருவதே அரிது; எந்தத் திருப்பம் எப்போது வரும் என்பது அவருக்கு முன்பே தெரியும், ஏனென்றால் திருப்புகிறவரே அவர்தான். ஆகவே, உங்களுக்கு இன்பமாக இருக்கும் அதே வளைவு உங்கள் முதுகுக்குப் பின்னால் எப்படி இருக்கிறது என்பதை நீங்கள் அறிய ஒரு வழியும் இல்லை, கேட்டால் ஒழிய.

இதை நான் எங்கிருந்து சொல்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவும் காரில் ஏறியதும் கண்ணை மூடிக்கொள்வார். இறங்கியதும் "நல்லா இருந்துச்சுப்பா" என்பார், ஒரு வாய்த் தண்ணீர் கேட்பார், சிறிது நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் அவருடைய மூக்குக்கண்ணாடியைத் தேடி அவர் கைப்பையைத் திறந்தேன். உள்ளே, நான்காக மடித்து ரப்பர் பேண்ட் போட்ட பிளாஸ்டிக் பை ஒன்று இருந்தது. மடிப்புகள் வெளுத்துப்போகும் அளவுக்குப் பழையது. எதற்கு என்று கேட்டேன். வண்டியில் வாந்தி வந்துவிட்டால் என்று சொன்னார். எத்தனை வருடமாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அத்தனை வருடமும் ஓட்டியவன் நான். அந்தப் பையை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். உங்களுக்கு அப்படி ஒன்று நினைவில் தங்கிவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

பெற்றவர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். பிள்ளை ஆசையாக வாங்கிய வண்டியில் தனக்கு முடியவில்லை என்று சொன்னால் அவன் முகம் வாடிவிடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் சொல்லாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வது பிள்ளையின் கடமை, அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. நீங்கள் மூன்று முறை ஓட்டிப் பார்க்கப் போயிருக்கிறீர்கள். மூன்று முறையும் பின் இருக்கை காலியாக இருந்திருக்கிறது. நால்வருக்காக வாங்கும் வண்டியை ஒருவர் மட்டும் சோதித்தால், அந்தச் சோதனையில் தெரியவருவது அந்த ஒருவரின் மகிழ்ச்சி மட்டுமே.

எஸ்டேட் கார் மீது உங்களுக்குள்ள ஆசையை நான் குறை சொல்லவில்லை. குடும்பத்துக்கு அதைவிடப் பொருத்தமான உடலமைப்பு குறைவு. கூரை பின்கதவு வரை நீள்வதால் டிக்கியில் இடம் அதிகம். எடை தாழ்வாக இருப்பதால், உயரமான வண்டிகளைப் போல வளைவில் சாய்வதில்லை, சாயாமலிருக்க ஸ்பிரிங்கை அந்த அளவுக்கு இறுக்கவும் வேண்டியதில்லை. நீங்கள் படம் ஒட்டிய ஆர்எஸ்2, ஆடி நிறுவனம் போர்ஷேவுடன் சேர்ந்து உருவாக்கியது, 2.2 லிட்டர் ஐந்து சிலிண்டர் டர்போ என்ஜினில் 315 குதிரைத்திறன் தந்த அந்த வண்டி, பெட்டி படுக்கை ஏற்றும் காரும் பாயலாம் என்று காட்டியது. அதே 1994-இல் வோல்வோ தன் 850 எஸ்டேட்டைப் பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்திலேயே ஓடவிட்டது. அந்தப் பந்தய வண்டியில் பின் இருக்கை கிடையாது. உங்கள் வண்டியில் இருக்கிறது, அதில் உங்கள் அம்மா இருக்கிறார்.

இனி வண்டிக்கு வருவோம். நீங்கள் மயங்கியிருக்கும் வகையில் அம்மாவுக்குத் தீங்கு செய்யக்கூடியது என்ஜின் என்று நினைக்காதீர்கள். முதலில் சக்கரத்தைப் பாருங்கள். 16 அங்குலச் சக்கரத்துக்கு 205/55 டயர் (205 மி.மீ. அகலம், பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவீதம்) என்றால், ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே ஏறக்குறைய 113 மி.மீ. உயரத்துக்கு ரப்பரும் காற்றும் இருக்கின்றன. 19 அங்குலத்துக்கு 235/35 என்றால் அது 82 மி.மீ. ஆகக் குறைகிறது. பள்ளத்தின் முதல் அடியை வாங்கும் மெத்தையில் மூன்று சென்டிமீட்டர் போய்விட்டது. அதோடு ஸ்போர்ட்ஸ் சஸ்பென்ஷனின் ஸ்பிரிங்கும் இறுக்கமானது. மிச்ச அடி ரிம்முக்கும், அதன்பின் 68 வயது முதுகெலும்புக்கும் போகிறது. இறுக்கத்தை மாற்றக்கூடிய ஷாக் அப்சார்பர் இருக்கிறதே என்று விற்பனையாளர் சொல்வார். அது நல்ல வசதிதான், கிடைத்தால் வாங்குங்கள். ஆனால் பொத்தானை அழுத்தினால் மாறுவது ஷாக் அப்சார்பர் மட்டும், டயரின் உயரம் மாறாது. 300 குதிரைத்திறன் வகையின் பிரேக் டிஸ்க் பெரியதாக இருக்கும் என்பதால் எல்லாச் சிறிய சக்கரமும் அதில் பொருந்தாது. தயாரிப்பாளர் அந்த வகைக்கு அனுமதித்திருக்கும் மிகச் சிறிய அளவு எது என்று கையேட்டில் பார்த்து, அதையே கேளுங்கள். 17 அங்குலத்தில் 225/45 கிடைத்தால் 101 மி.மீ. வரை மீட்டுவிடலாம்.

அடுத்தது அந்த ஸ்போர்ட்ஸ் சீட்டுகள். தலைசாய்ப்பும் முதுகும் ஒன்றாக வார்க்கப்பட்ட உயரமான முன் இருக்கைகள் உங்களை நன்றாக அணைத்துப் பிடிக்கும். பின்னால் இருப்பவருக்கு அவை சுவர். சாலையைப் பார்க்க முடிந்தால் குமட்டல் குறையும், இந்தச் சுவர் அதையும் மறைத்துவிடுகிறது, உங்கள் மகளுக்கும் சேர்த்து. அம்மாவை முன்னால் உட்கார வைத்தாலும், இருக்கையின் இருபுறமும் மேடாக எழும் விளிம்பைத் தாண்டிக் காலை வெளியே எடுக்க அவர் சிரமப்படுவார். வண்டி தாழ்த்தப்பட்டிருந்தால் எழுந்திருப்பது இன்னும் கடினம். சாதாரண இருக்கைகளைத் தேர்ந்தெடுங்கள்.

இவை எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் மிஞ்சியிருப்பது உங்கள் வலது கால். தடதடவென்று வரும் அதிர்வு உடலை நோகச் செய்யும். குமட்டலை அதிகம் தருவதோ, ஐந்து விநாடிக்கு ஒரு முறை என்ற கணக்கில் மெதுவாக முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் வரும் ஆட்டம். சாலையின் மேடுபள்ளம் அப்படி ஆட்டுவதில்லை. பாய்ந்து, பிரேக் அடித்து, மீண்டும் பாய்ந்து ஓட்டுகிறவர்தான் ஆட்டுகிறார். அதனால் உங்கள் அம்மாவின் பிரச்சினை புதிய வண்டி வந்த பிறகு தொடங்கப்போவதில்லை. இப்போதிருக்கும் பழைய செடானிலேயே இருக்கிறது, கைப்பிடி சாட்சி. நிதானமாக வேகமெடுப்பவர் கையில் 300 குதிரைத்திறன் ஒருவரையும் துன்புறுத்தாது. சிக்னல் விழுந்ததும் முதல் ஆளாகப் பாய்பவர் கையில் 150-உம் அதிகம்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அதுவும் அம்மா உட்காரும் இடத்தைப் பற்றியதே. செடானில் டிக்கி தனி அறை. எஸ்டேட்டில் சாமானுக்கும் பின் இருக்கையில் இருப்பவர் தலைக்கும் நடுவில் இருக்கை முதுகும் தலைசாய்ப்பும்தான் உண்டு. 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி மோதி நின்றால், கட்டாத 20 கிலோ பெட்டி தன் எடையைப் போலப் பல மடங்கு விசையுடன் முன்னால் வரும். கனமானதைத் தரையில், இருக்கை முதுகை ஒட்டி வையுங்கள். மகளின் சைக்கிளைத் தரையிலுள்ள வளையங்களில் பட்டையால் இறுக்குங்கள். இருக்கை முதுகுக்கு மேல் சாமான் ஏற்றினால் தடுப்பு வலையைக் கட்டாமல் கிளம்பாதீர்கள். செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; அகலமான, உயரம் குறைந்த டயர்களும் பெரிய பிரேக் டிஸ்க்குகளும் மாற்றும்போதெல்லாம் கூடுதல் விலை கேட்கும் என்பதை மட்டும் மனைவியுடன் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடுங்கள். அவர் முதலாவது போதும் என்று சொல்வதற்குக் காரணம் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை.

நான்காவது முறை ஷோரூமுக்குப் போங்கள், இந்த முறை நால்வரும். முதல் சுற்றில் மனைவி ஓட்டட்டும், நீங்கள் அம்மா உட்காரும் அதே பின் இருக்கையில் உட்காருங்கள். நீங்கள் எப்படி ஓட்டுவீர்களோ அப்படியே ஓட்டச் சொல்லுங்கள், கைபேசியைப் பார்த்தபடி அரை மணி நேரம் வாருங்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. அடுத்த சுற்றில் நீங்கள் ஓட்டுங்கள். அம்மாவைச் சாலை தெரியும்படி முன் இருக்கையில் உட்கார வையுங்கள். பிரேக்கை முன்கூட்டியே, மெல்ல அழுத்துங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். இரண்டு வகைகளிலும் இதைச் செய்யுங்கள். சிறிய சக்கரமும் சாதாரண இருக்கையும் போட்ட பிறகு இரண்டாவது வகையில் அம்மா நிம்மதியாக வந்தால் அதையே வாங்குங்கள், எனக்கும் மகிழ்ச்சி. அந்த வகைக்குச் சிறிய சக்கரம் இல்லை என்றால், மனைவி சொன்ன வண்டியை வாங்குங்கள்.

எப்படி இருந்தது என்று அம்மாவிடம் கேட்காதீர்கள். நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார். வீட்டுக்கு வந்ததும் மகளைத் தனியாகக் கூப்பிட்டு, பாட்டி காரில் என்ன செய்வார் என்று கேளுங்கள். இத்தனை நாளும் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் அவள். ஷோரூமில் அம்மா இறங்கும்போது கதவைத் திறந்து கை கொடுங்கள். அப்போது அவர் உள்ளங்கையைத் திருப்பி, கைப்பிடியின் தடம் சிவந்து பதிந்திருக்கிறதா என்று பாருங்கள்.