நாள்பட்ட வலியை அளக்க ஒரு கருவிகூடவா இல்லை? ‘ரிப்போர்ட் நார்மல்’ என்றால் நடிப்பு என்கிறார்களே?

ஃபைலைத் தூக்கிக்கொண்டு நாலு டாக்டரிடம் அலைந்தவர்தான் இப்படிக் கேட்பார். எனக்கும் இடுப்பு வலி, வருடக்கணக்காக.

கருவி இல்லை. வலிக்கிறவர் வாயால் சொன்னால்தான் உண்டு. அதனால்தான் ‘பத்துக்கு எத்தனை?’ என்று கேட்கிறார்கள். ஒரு டாக்டரிடம் ‘ஏழு’ என்றேன். கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கி, “ஏழு இருந்தா இப்படிச் சிரிச்சுப் பேச மாட்டீங்களே” என்றார். திரையில் 4 என்று விழுந்தது. அடுத்த தடவை சிரிக்காமல் போய் உட்கார்ந்தேன். “வீட்டில ஏதாவது பிரச்சினையா? மன அழுத்தமா?” என்றார். எந்த முகத்தோடுதான் போவது?

புதிதாக அடிபட்டவருக்கு முகமே காட்டிக்கொடுக்கும், நாடித் துடிப்பும் ஏறும். வருடக்கணக்கில் வலியோடு வாழ்கிறவருக்கு அதெல்லாம் வெளியே தெரிய வேண்டும் என்பதில்லை. நாள் முழுக்க முனகிக்கொண்டே ஆபீஸ் போக முடியுமா?

சரி, ஸ்கேன்? 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது! படத்தில் கோளாறு, ஆனால் வலி இல்லை. அப்படியென்றால் படம் சுத்தமாக இருந்தும் வலி இருப்பதில் என்ன அதிசயம்?

உடனே ‘டாக்டர்களைத் திட்டுகிறான்’ என்று கிளம்பி வராதீர்கள். ஒருவர் வலி என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று 2020-இல் எழுதி வைத்ததே டாக்டர்களும் ஆய்வாளர்களும் இருக்கிற சர்வதேச வலி ஆய்வுச் சங்கம்தான். பொய் சொல்லி லீவு போடுகிறவர்கள் இல்லையா என்பீர்கள். இருக்கிறார்கள். அவர்களுக்காக என்னைச் சந்தேகப்பட்டால் எப்படி?

பெக் என்று மூன்றே கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் இருக்கிறது. போன வாரம் வலி சராசரியாக எவ்வளவு, வாழ்க்கையை ரசிக்க விடாமல் எவ்வளவு கெடுத்தது, அன்றாட வேலையை எவ்வளவு தடுத்தது. மூன்றுக்கும் பத்துக்குத்தான் மார்க், ஆனாலும் எனக்கு இது பிடித்திருக்கிறது. இப்போதெல்லாம் எண்ணைச் சொல்லுமுன், “குனிந்து செருப்பு வார் மாட்ட முடியலை, சமையல் முடியறதுக்குள்ள ரெண்டு தடவை படுக்க வேண்டியிருக்கு” என்று ஆரம்பித்துவிடுகிறேன். இப்போது பார்க்கும் டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொள்கிறார். நீங்களும் இப்படிச் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். வலிக்கென்றே நடத்தும் கிளினிக்கில் எதற்கு ஓட்டை ஓட்டையாக அந்த இரும்பு நாற்காலி? கேட்டால் துடைக்க வசதியாம். அதில் ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, உள்ளே போனதும் கேட்கிறார்கள், பத்துக்கு எத்தனை என்று.